வாடகைக்கு வீடு உண்டு. உள்ளே நுழைய வழி உண்டா?

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் நம்மில் பலர் பல்கலைக்கழகத் தங்கும் விடுதியைக் காலி செய்துவிட்டு, தொழில்துறைப் பயிற்சிக்காகக் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் என்று அறை தேடிப் போகிறோம். வாடகை எவ்வளவு, எல்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருக்கிறதா, உடன் தங்குபவர்கள் எப்படி என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

சக்கர நாற்காலியில் நடமாடும் ஒரு மாணவருக்கு இந்த மூன்றுக்கும் முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. வாசலில் எத்தனை படிகள்? மின்தூக்கி இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா? குளியலறைக் கதவின் அகலம் என்ன? நாம் இவற்றை ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டு விளம்பரங்களும் இவற்றுக்குப் பதில் சொல்வதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு வாடகை வீடு என்று பேச்செடுத்தால், "பாவம், பணம் இருக்காது" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் ஒரு பாதிதான். நம் நகரங்களில் மலிவான வீட்டுக்குள் சக்கர நாற்காலி நுழைவதில்லை. நுழைகின்ற வீட்டின் வாடகை கட்டுப்படியாவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர், வீட்டுக்காரரிடம் ஒரு கைப்பிடி பொருத்த அனுமதி கேட்பதற்குக்கூட நம் சட்டம் உரிமை கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

ஆறு வாரத் தேடல்

கடந்த பருவத்தில் என் வகுப்புத் தோழிக்குக் கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி இடம் கிடைத்தது. அவள் விரும்பிய துறை. அலுவலகக் கட்டடத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் இருந்தன. வளாகத்தில் அவளுக்கு ஏற்ற விடுதி அறை இருந்ததால், மூன்று ஆண்டுகளாகத் தங்குமிடம் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் நிலைமை மாறிவிட்டது.

இருவரும் சேர்ந்து ஆறு வாரங்கள் தேடினோம். கையில் ஓர் அளவு நாடா. அவளுடைய நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர். சக்கரத்தைச் சுழற்றும் கைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து அழைத்தபோதெல்லாம், "குளியலறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் அளந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்ப அழைக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு வீட்டையும் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு முறை போய்வருவது என்றால், நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள வாடகைக் காருக்குப் போக வரச் செலவு. வீட்டைப் பார்ப்பதற்கே இவ்வளவு செலவாகும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருக்கவில்லை.

தாமான் பகுதியில் ஒரு வரிசை வீடு. அறை வாடகை 450 வெள்ளி. வீட்டுக்கார ஆண்ட்டி நல்லவர். எங்களுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். ஆனால் தோழியின் நாற்காலியைப் பார்த்ததிலிருந்தே அவர் முகத்தில் கலக்கம். கடைசியில், "தப்பா எடுத்துக்காதம்மா, நான் வேலைக்குப் போயிட்ட பிறகு பாத்ரூம்ல விழுந்து கிழுந்துட்டா, உங்க அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் வன்மம் எதுவும் இல்லை. அந்தக் குளியலறைக்கு இறங்க ஒரு படி, சுவரில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவருடைய பயம் அந்தக் குளியலறையின் அமைப்பிலிருந்துதான் வந்தது.

முடிவில் ஒரு கொண்டோமினியத்தில் தனிக் குளியலறையுடன் கூடிய பெரிய அறை கிடைத்தது. வாடகை 950 வெள்ளி. அங்கும் குளியலறைக் கதவைத் திறந்தால், கதவுப் பலகையின் தடிமன் வழியை அடைத்தது. கதவையே கழற்றி வைத்துவிட்டுத் திரைச்சீலை போட்டுக்கொள்ள உரிமையாளர் சம்மதித்தார். கூடுதலாகக் கிடைத்த 4 சென்டிமீட்டர்தான் அவளுடைய பயிற்சியைக் காப்பாற்றியது. அந்த உரிமையாளர் முடியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் எங்கும் போய் முறையிட்டிருக்க முடியாது.

படிக்கட்டின் கணக்கு

இதைச் சாதாரணக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட சாய்வு விகிதம் 1:12. அதாவது 1 சென்டிமீட்டர் உயரம் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் தேவை. வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு படி இருந்தால் 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அப்படி மூன்று படிகள் இருந்தால் 5.4 மீட்டர். அது ஒரு காரைவிட நீளம். பெரும்பாலான வரிசை வீடுகளின் முன்புறத்தை முழுவதுமாக அது விழுங்கிவிடும்.

உள்ளே போனால் அடுத்த கணக்கு. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் தேவை. நம் வீடுகளில் குளியலறையின் மொத்த அகலமே பெரும்பாலும் அந்த அளவுக்கு இருப்பதில்லை. தண்ணீர் வெளியே வராமலிருக்க அதன் தரையைத் தாழ்த்திக் கட்டுவதும் இங்கு வழக்கம். கட்டும்போது நாம் கவனிக்காத அந்த ஒரு சிறு இறக்கம், ஒருவரைக் குளிக்க முடியாதபடி செய்துவிடுகிறது.

வீட்டுக்கு வெளியேயும் கணக்கு தொடர்கிறது. "எல்ஆர்டிக்கு ஐந்து நிமிட நடை" என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த ஐந்து நிமிடப் பாதையில் உடைந்த நடைபாதை, மூடியில்லாத கால்வாய், குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள். நிலையத்துக்குள் மின்தூக்கி இருந்தும் பயனில்லை; நிலையம் வரை போய்ச் சேர வேண்டுமே!

மலிவானது எங்கே இருக்கிறது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகை குறைவான வீடுகள் பெரும்பாலும் மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடிப் பழைய அடுக்குமாடிகளில்தான் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் நகரத்துக்கு வந்த நம் குடும்பங்கள் பலவும் இத்தகைய மலிவு விலை வீடுகளில்தான் குடியேறின. மூன்றாம் மாடியில் இருக்கும் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, அதன் பிறகு அவர் கீழே இறங்கியதே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான் என்ற கதை நம்மில் பலருடைய உறவுக்குள்ளேயே இருக்கும்.

அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டம், அதாவது பிபிஆர் வீடுகளின் மாத வாடகை 124 வெள்ளி. மூன்று அறைகள், மின்தூக்கி வசதி எல்லாம் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இது குடும்பங்களை மனத்தில் வைத்து உருவான திட்டம். காத்திருப்போர் பட்டியல் நீளம். வேலை தேடியோ பயிற்சிக்காகவோ தனியாக நகரத்துக்கு வரும் 22 வயது இளைஞருக்கு, அடுத்த மாதமே குடியேறும் வழியை அது தராது. உயரமான பிபிஆர் கட்டடங்களில் மின்தூக்கி பழுதாகி நிற்பது அடிக்கடி செய்தியாகிறது. பன்னிரண்டாம் மாடியில் மற்றவர்களுக்கு அது கால்வலி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அன்றைய வேலையும் சம்பளமும் போய்விடும்.

எஞ்சியிருப்பது தனியார் சந்தை. புதிய கொண்டோமினியங்களில் சாய்தளம் உண்டு, அகலமான மின்தூக்கி உண்டு. நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. நமக்குத் தேவையானது சாய்தளம் மட்டுமே என்றாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டும். இங்குள்ள வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், நீர்–மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை என்று மொத்தம் மூன்றரை மாதப் பணத்தை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். 450 வெள்ளி அறைக்கு 1,575 வெள்ளி. 950 வெள்ளி அறைக்கு 3,325 வெள்ளி. இந்த ஆண்டு நடப்பிலிருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. பயிற்சி மாணவர்களில் பலர் அந்தச் சம்பளத்தில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

கதவு திறந்தாலும்…

சக்கர நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், சமூக நலத் துறை ஓகேயு அட்டைக்காகப் பதிவு செய்யும் பிரிவுகள் ஏழு. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம் சார்ந்தவை ஆறு. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பது ஏழாவது. நாட்டில் பதிவு செய்துகொண்டவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். பதிவு கட்டாயமில்லை என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். உலக மக்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறையோ மனக்குறையோ இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது.

பார்வையற்றவருக்குப் படி ஒரு தடையே இல்லை. ஆனால் "சமைக்கும்போது தீப்பிடித்துவிட்டால்?" என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். காது கேளாதவருக்கு அழைப்பு மணியும் தீ எச்சரிக்கை மணியும் விளக்காக ஒளிர்ந்தால் போதும். அதைப் பொருத்த அனுமதி கிடைப்பதில்லை. மனநலச் சிகிச்சையில் இருப்பவர் அதைச் சொன்னால் அறை இல்லை; சொல்லாமல் குடியேறினால் தினமும் பயம்.

நம் சமூகத்தினருக்கு இன்னொரு சல்லடையும் உண்டு. வாடகை விளம்பரங்களில் இந்த இனத்தவர் மட்டும், அந்த இனத்தவர் வேண்டாம் என்ற வரிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நூறு விளம்பரங்களில் நமக்குத் தர மறுப்பவற்றை முதலில் கழிக்க வேண்டும். மீதியில் படி இருப்பவற்றைக் கழிக்க வேண்டும். அதன்பின் வாடகை கட்டுப்படியாகாதவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 ஜூலை 7ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் 26ஆம் பிரிவு பொது வசதிகளையும் பொதுக் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமையைப் பேசுகிறது. அடுத்தடுத்த பிரிவுகளில் பொதுப் போக்குவரத்து, கல்வி, வேலை ஆகியவை வருகின்றன. தனியார் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. உரிமையை மீறுவோருக்குத் தண்டனையும் இந்தச் சட்டத்தில் இல்லை. போதாக்குறைக்கு, நல்லெண்ணத்தில் செய்த அல்லது செய்யத் தவறிய செயல்களுக்காக அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர முடியாதபடி 41ஆம் பிரிவு பாதுகாப்பும் கொடுக்கிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை. பாலினம் என்ற சொல்லும் தொடக்கத்தில் அதில் இருந்ததில்லை, 2001இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே பட்டியலை நீட்டுவது நடக்காத காரியமல்ல.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் விதி, தடையற்ற அணுக்கம் வேண்டிய இடங்களில் வீட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 19ஆம் விதி பேசுகிறது. நாம் கையெழுத்திட்ட வாக்குறுதிகள் இவை.

கட்டுமானத்துக்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தர அளவுகோல் இருக்கிறது. கதவு, சாய்தளம், கழிவறை என எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. சீரான கட்டடத் துணைவிதிகளின் 34ஏ விதி அதைத்தான் சுட்டுகிறது. ஆனால் விதிகளைச் செயல்படுத்துவது அந்தந்த ஊராட்சி மன்றம். நாங்கள் பார்த்த கொண்டோமினியங்களில் வாகன நிறுத்துமிடம், முகப்பு, மின்தூக்கி வரை எல்லாம் சரியாக இருந்தன. வீட்டுக் கதவைத் திறந்ததும் பழைய கதைதான்: குறுகலான குளியலறை, அதற்கு முன் ஓர் இறக்கம்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் 1988இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் ஓர் எளிய வழியைக் காட்டுகிறது. குடியிருப்பவர் தம் சொந்தச் செலவில் கைப்பிடி, சாய்தளம் போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்ய விரும்பினால் வீட்டுக்காரர் மறுக்கக்கூடாது. காலி செய்யும்போது தேவைப்பட்டால் உட்புறத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், சில விலக்குகளுடன், உடற்குறையைக் காரணம் காட்டி வாடகைக்குத் தர மறுப்பதைத் தடை செய்கிறது.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், முக்கியமாக முதியவர்கள் வாழும் வீவக வீடுகளில் கைப்பிடி, வழுக்காத குளியலறைத் தரை, சாய்தளம் ஆகியவற்றை அரசாங்கம் பெரும் மானியத்தில் பொருத்தித் தருகிறது. நம் நாட்டின் சூழல் வேறு. இங்கே தனியார் வீடுகள் அதிகம். என்றாலும் கைப்பிடி போன்ற சின்ன விஷயத்தை அரசாங்கமே ஒரு திட்டமாக எடுத்துச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

வங்கிக் கடனைக் கட்டுவதற்காகவே அறையை வாடகைக்கு விடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். என் சொந்தக்காரர்களிலும் உண்டு. "என் ஓட்டுக்கல்லைத் துளை போடச் சொல்கிறீர்களா? இவர் போன பிறகு அடுத்தவர் வர வேண்டாமா?" என்று அவர்கள் கேட்பதை அலட்சியப்படுத்த முடியாது. செலவு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டும் சட்டம் வந்தால், ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றுத்திறனாளிகளைத் தவிர்ப்பார்கள். அதனால்தான் அமெரிக்க வழி எனக்கு நடைமுறைக்கு ஏற்றதாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் அனுமதி தர வேண்டும். செலவைக் குடியிருப்பவரும் அரசாங்கமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். காலி செய்யும்போது சரிசெய்து தர வேண்டும். ஆபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால், அந்த ஆண்ட்டியைப் போன்றவர்களின் பயமும் குறையும்.

இதற்கெல்லாம் ஒரு சட்ட வடிவம் தேவை. இங்கே வாடகை உறவு பெரும்பாலும் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை நம்பியே ஓடுகிறது. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் திருத்துவது பற்றியும் பேச்சு நடக்கிறது. இரண்டு பேச்சும் சந்திக்கும் இடத்தில்தான் இந்தப் பிரச்சினை இருக்கிறது. வாடகைச் சட்டம் எழுதும்போது மாற்றங்கள் செய்யும் உரிமையை ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும்போது, முறையிட ஓர் அமைப்பையும் மீறினால் தண்டனையையும் சேர்க்கலாம். புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு மலிவு விலைத் திட்டத்திலும் ஒரு பங்கு வீடுகளை, தனியாக வாழும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கக்கூடிய சிறிய வீடுகளாக ஒதுக்கலாம்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் எல்ஆர்டியை நினைத்துப் பார்க்கலாம். 1996இல் முதல் தடம் ஓடத் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருவோருக்கு அது உதவவில்லை. மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். பிறகு வந்த தடங்களின் நிலையங்களில் மின்தூக்கி வந்தது. பழைய நிலையங்களிலும் பின்னர் பொருத்தினார்கள். கட்டி முடித்த பிறகு இடித்துப் பொருத்துவதைவிட, வரைபடத்திலேயே சேர்ப்பது எவ்வளவு மலிவு என்பதைக் கட்டுமானம் படிக்கும் நண்பர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

நம் கையில் இருப்பது

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பயிற்சி முடிந்து அறையைக் காலி செய்யும்போது, நமக்குப் பதிலாக வேறொருவரைத் தேடி நாமே விளம்பரம் போடுகிறோம். அதில் வாடகையோடு நான்கு தகவல்களைச் சேர்ப்போம்: வாசலில் எத்தனை படிகள், மின்தூக்கி உண்டா, அறைக் கதவின் அகலம், குளியலறைக் கதவின் அகலம். அளக்க ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மாணவர் சங்கம் தன் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளை இப்படி அளந்து ஒரு பட்டியலாக வைத்திருந்தால், அடுத்த ஆண்டு தேடுபவருக்கு ஆறு வாரம் மிச்சமாகும்.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய நாம் எல்லாரும் வாக்காளர்கள். வேட்பாளர்கள் நம் தாமானுக்கு வரும்போது சாலை, கால்வாய் பற்றிக் கேட்பதோடு, வாடகைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன இடம் என்றும் கேட்போம். பதில் தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வரச் சொல்வோம்.